லாக்புக்கில் மூன்று வரி

அந்தப் பறக்கும் கிளப்பில் அவளைத் தார்ப்பாய்க்காரி என்றுதான் சொல்வார்கள். பாசத்தில் வைத்த பெயர் இல்லை. பத்தொன்பது வருஷமாக லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துக்கொண்டிருந்தவள், நாற்பத்தியொரு வயதில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று வந்து நின்றால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

விமானம் என்றால் பெரிய விமானம் அல்ல, மைக்ரோலைட் ட்ரைக். மூன்று சக்கரத்தின் மேல் தொட்டி மாதிரி ஒன்று, அதில் முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை. முதுகுக்குப் பின்னால் இன்ஜினும் விசிறியும். தலைக்கு மேலே துணியில் தைத்த பெரிய முக்கோண இறக்கை. இறக்கையோடு சேர்ந்த கம்பியை இரண்டு கையாலும் தள்ளியும் இழுத்தும்தான் ஓட்டவேண்டும். கிளப் வண்டிக்கு ஒரு உறை தைக்க அளவெடுக்க வந்தவளைப் பயிற்சியாளர் ஏதோ நல்ல மனநிலையில் ஒரு சுற்று ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பன்னிரண்டு நிமிஷம். உறையைத் தைத்துக் கொடுத்த கையோடு மாணவியாகச் சேர்ந்துவிட்டாள்.

அவள் புருஷன் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். விஷயம் தெரிந்த அன்றோடு அவளிடம் பேசுவதை நிறுத்தினார். "சாவி எங்க", "சோறு இருக்கா" என்பதோடு சரி. அவளும் இறங்கிப் போகிற ஆள் இல்லை. சாவியைக் கையால் காட்டினாள், சோற்றைக் கண்ணால் காட்டினாள்.

பதினொரு மணி நேரம் பறந்து முடித்திருந்தபோது பயிற்சியாளர் அவளைக் கூப்பிட்டார். கிளப் வண்டியின் இன்ஜினைப் பிரித்துப்போடப் போகிறார்களாம், எப்போது சேர்ப்பார்கள் என்று தெரியாதாம். பாடம் தொடரவேண்டுமானால் சொந்தமாக ஒரு ட்ரைக் வாங்கிக்கொள்வதுதான் வழி என்றார். கிளப்பிலேயே பல் டாக்டர் ஒருவர் தன் வண்டியை விற்கிறார், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றும் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு முழம் துணிகூட வாங்காதவளிடம் போய் இதைச் சொன்னார்.

சனிக்கிழமை காலை, வண்டிகளை நிறுத்திவைக்கும் ஹேங்கருக்குப் போனாள். தகரக் கூரை அப்போதே கொதித்துக்கொண்டிருந்தது. டாக்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பயிற்சியாளரைப் பார்த்தே பேசினார். வண்டி ராஜா மாதிரி இருக்கிறது, வாங்கிய நாளிலிருந்து வெளியே நிறுத்தியதே கிடையாது, இன்ஜினுக்கு இன்னும் பல வருஷம் இருக்கிறது என்று ஒப்பித்தார். கடைசியில்தான் அவள் பக்கம் திரும்பினார்.

"உங்க வீட்டுக்காரர் வந்து பார்க்கலையா?"

"அவருக்கு லாரிதான் தெரியும்," என்றாள்.

இன்ஜினைப் பற்றி அவளுக்கும் அதிகம் தெரியாது. டயரை அமுக்கிப் பார்த்தாள், கேபிள்களை ஆட்டிப் பார்த்தாள். பிறகு இறக்கைக்கு வந்தாள். அங்கே அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஓரத்து மடிப்பை நகத்தால் விரித்துப் பார்த்தாள். மடிப்புக்கு உள்ளே துணி ரத்தச் சிவப்பு. வெளியே வெளுத்துப்போய் ரோஸ் நிறம்.

"ஹேங்கருக்குள்ள இவ்வளவு வெயிலா டாக்டர்?"

டாக்டர் பயிற்சியாளரைப் பார்த்தார். பயிற்சியாளர் லாக்புக்கை எடுத்து நீட்டினார். வண்டியின் ஜாதகம் முழுவதும் அதில்தான் இருக்கும். போன மாதம் இறக்கைத் துணியைச் சோதித்தாயிற்று, தேறியது என்று எழுதி, கீழே அவரே கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தச் சோதனை பெரிய வித்தை இல்லை. தையலுக்கு அடியில் மெல்லிய கொக்கி ஒன்றைக் கொடுத்து, ஸ்பிரிங் தராசில் மாட்டி, குறித்த எடை வரும்வரை இழுக்கவேண்டும். நூல் அறாமல் துணி கிழியாமல் நின்றால் தேறியது. என் கண் முன்னால் இன்னொரு தடவை செய்து காட்டுங்கள் என்று கேட்டாள்.

"என் கையெழுத்து மேலயே சந்தேகமா?" என்றார் பயிற்சியாளர்.

"எனக்கு வெயில்ல கிடந்த நூல் மேலதான் சந்தேகம் சார்."

அவர் முகம் சுண்டிப்போனது. டாக்டர் குறுக்கே புகுந்து, தாராளமாகச் செய்து பார்க்கட்டும், தைக்கிறவர்களுக்கு எதைப் பார்த்தாலும் தையல்தான் என்று சிரித்தார். அனுமதி கொடுத்தவர் அவர்தான். பின்னால் அதை ஒரேயடியாக மறந்துபோனார்.

சுவரில் மாட்டியிருந்த கொக்கியையும் தராசையும் அவளே எடுத்துவந்தாள். ஏணி போட்டு ஏறி இழுத்தாள். முள் பாதிகூடப் போகவில்லை, நூல் பட்டென்று விட்டது. ஒரு சாண் தள்ளி இழுத்தாள், விட்டது. இறக்கையின் அடுத்த பக்கம் போய் இழுத்தாள். அங்கே நூலோடு துணியும் சேர்ந்து கிழிந்தது.

"வேணும்னே கிழிச்சிருக்க நீ," என்றார் டாக்டர். அதுவரை இருந்த 'நீங்க' அந்த நிமிஷத்தோடு போயிற்று.

அவளுக்கு டாக்டர் ஒரு பொருட்டாகவே படவில்லை. பதினொரு மணி நேரம் இந்தப் பயிற்சியாளர் பின்னால் உட்கார்ந்திருக்கிறார் என்ற தைரியத்தில்தானே வானத்தில் ஏறினோம் என்று நினைத்தபோதுதான் ஆத்திரம் வந்தது. போன மாதம் இந்த ஆள் கொக்கியைத் தொட்டிருக்கவே மாட்டார். கிளப் வண்டிக்கும் இதே மாதிரிதான் கையெழுத்துப் போட்டிருப்பாரோ?

லாக்புக் பெஞ்சின் மேல் கிடந்தது. பேனாவை எடுத்து மூன்று வரி எழுதினாள். எந்த இடம், எத்தனை கிலோ இழுப்பில் அறுந்தது, தேதி. கீழே தன் பெயர். பயிற்சியாளரின் கையெழுத்தும் சேர்ந்து விழும்படி அந்தப் பக்கத்தைப் போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டாள்.

"அதுல எழுத உனக்கு உரிமை கிடையாது," என்று பயிற்சியாளர் பாய்ந்து வந்தார்.

"அழிக்க உங்களுக்கும் கிடையாது."

பத்து நாளில் கிளப்பிலிருந்து கடிதம் வந்தது. உறுப்பினரின் உடைமையைச் சேதப்படுத்தியதற்காக அவளை நீக்கிவிட்டார்கள். அதுவரை சிரித்துப் பேசிய ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரே ஒருவன் போன் செய்து, நீ செய்தது நூற்றுக்கு நூறு சரி, ஆனால் நான் சொன்னேன் என்று யாரிடமும் சொல்லிவிடாதே என்றான். கிளப்பில் மற்ற எல்லோரையும்விட அவன் மேல்தான் அவளுக்கு அதிக வெறுப்பு வந்தது.

கடிதம் சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. புருஷன் அதை எடுத்து இரண்டு தடவை படித்தார். டாக்டரின் பெயரில் விரலை வைத்து, பல மாதத்துக்குப் பிறகு முழு வாக்கியமாகப் பேசினார்.

"இந்த ஆளுகிட்டதான் போன வருஷம் நான் பல்லு புடுங்கினேன். நல்ல பல்லைப் புடுங்கிட்டான்."

சொல்லிவிட்டு லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். 

பறந்த மணி நேரத்துக்குப் பயிற்சியாளரின் கையெழுத்து இல்லையென்றால் வேறு எங்கே போனாலும் ஒன்றிலிருந்து தொடங்கவேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமை கிளப் வாசலில் போய் நின்றாள். காவலாளி உள்ளே விடவில்லை. மூன்றாவது வாரம் பயிற்சியாளர் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். அவள் தன் பயிற்சிப் புத்தகத்தை நீட்டினாள். ஸ்டீயரிங் மேல் வைத்து எழுதித் திருப்பிக் கொடுத்தார். ஒன்பது மணி நேரம் என்று இருந்தது.

"மிச்சம் ரெண்டு?"

"முடிஞ்சா நிரூபிச்சுக்கோ."

கார் போய்விட்டது. இரண்டு மணி நேரத்தை விழுங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அன்றைக்கே போனில் இருந்த படத்தை உரிமம் கொடுக்கும் அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தாள்.

நான்கு மணி நேர பஸ் பயணத்தில் இன்னொரு ஓடுதளம் இருந்தது. அங்கே கோழிப்பண்ணை நடத்தும் ஒரு பெண் தன் பழைய ட்ரைக்கை விற்பதாகக் கேள்விப்பட்டுப் போனாள். அந்தம்மாவும் வா என்று சிரித்து வரவேற்கவில்லை. தீவனம் வைக்கிற நேரம், பார்ப்பதை வெரசாகப் பார்த்துவிட்டுப் போ என்றாள். இவள் பையிலிருந்து, சொந்தமாக வாங்கிய கொக்கியையும் தராசையும் எடுத்ததும் அந்தம்மாவின் கண் சுருங்கியது.

"டாக்டர் புக்ல எழுதினவ நீதானா?"

"ஆமா."

"அப்ப இங்கயும் எழுது. என்ன வருதோ அதை எழுது."

ஏழு இடத்தில் இழுத்தாள். ஏழிலும் முள் குறியைத் தொட்டது, நூல் அசையவில்லை. அதை எழுதினாள். கையிலிருந்த காசும் கழுத்துச் சங்கிலியும் அதோடு போயின. வண்டி அவளுடையது ஆனது. அப்போதும் அந்தம்மா ஒரு வாய்த் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. டாக்டரின் லாக்புக் தொலைந்துபோய்ப் புதுப் புத்தகம் போட்டிருக்கிறார்களாம். அவள் அனுப்பிய படம் மட்டும் மிஞ்சியிருந்ததால், வண்டிகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் அதிகாரத்தைப் பயிற்சியாளரிடமிருந்து பறித்திருந்தார்கள். கற்றுக்கொடுக்கும் அதிகாரத்தைத் தொடவில்லை. கடிதத்தில் நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. அவள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அன்றைய தார்ப்பாய்க்கு வளையம் அடிக்கப் போனாள்.

புது இடத்துப் பயிற்சியாளர் வாய் திறக்காத மனுஷர். ஐந்தாவது மாதம் ஒரு காலையில் பின்னிருக்கையிலிருந்து இறங்கி, பெல்ட்டைக் காலி இருக்கையோடு சேர்த்துக் கட்டிவிட்டு, தனியாகப் போ என்று கையைக் காட்டினார். பின்னால் பாரம் இல்லாததால் வண்டி அவள் நினைத்ததற்கு முன்பே தரையை விட்டுவிட்டது.  கம்பியை இறுக்கிப் பிடித்துத் தன்னையே திட்டிக்கொண்டு ஓட்டினாள். முதல் தடவை உயரமாக வந்துவிட்டாள், இறங்காமல் மறுபடி ஒரு சுற்றுப் போனாள். இரண்டாம் தடவை சக்கரம் தரையில் மோதி எகிறி உட்கார்ந்தது.

அவர் மெல்ல நடந்து வந்து முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார்.

"குத்திட்ட. திருப்பு, இன்னொண்ணு போயிட்டு வா."

அவள் திருப்பினாள்.