உப்புப் பார்க்காத குழம்பு

எழுதிப் பழக்கமில்லாதவன் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிதறால் மலையின் சமணச் சிற்பங்களைக் காட்ட மாட்டுவண்டியில் எங்களை அழைத்துப்போன வழிகாட்டி, உச்சி வெயிலில் சிலைக்கொரு கதை விட்டான். பசியில் என் மனைவிக்குத் தலை சுற்றியது.

"தேங்காப்பட்டணத்துல மீன்சோறு காத்துக் கெடக்கு, அண்ணாச்சி!" என்று வண்டியைத் திருப்பினான்.

போனால், முஸ்லிம்கள் வாழும் அந்தக் கடற்கரைத் தெருவில் ஓர் அடுப்பும் எரியவில்லை.

"நோம்பு மாசம்லா! மறந்துட்டேன்," என்றான்.

"சோத்தையுமா ஏலே மறப்பே?" கூச்சக்காரனான நானே கத்திவிட்டேன்.

சத்தம் கேட்டு வந்த ஒரு வீட்டம்மாள் என் மனைவியின் முகத்தைப் பார்த்தார். "கேறி இரி மக்கா" என்று அவளை உள்ளே அழைத்து, எங்களுக்காக அடுப்பு மூட்டிச் சமைத்தார்.

"உப்பு பாக்கல்ல. எனக்கு நோம்பாக்கும்."

குழம்பில் உப்பே இல்லை. வீட்டில் உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளுகிற நான், மறுபடியும் வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் என் மனைவி வைத்த குழம்பிலும் உப்பு குறைவு. பேசாமல் சாப்பிட்டேன்.