கூரைக்குப் போகாத பலகை

எண்பதுகளின் பிற்பகுதியில் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். கட்டடங்களுக்குள் சூடு இறங்காமல் தடுக்கும் நுரைப் பலகை விற்கும் கம்பெனி. எனக்குக் கல்யாணமாகாத காலம். கிள்ளானில் அக்கா வீட்டில் தங்கி, தினமும் பஸ் பிடித்துப் போய்வருவேன். பலகைகள் ஸ்ரீ கெம்பாங்கான் கிடங்கிலிருந்து லோரியில் போகும். விலைக் கடிதங்கள் என் மேசையிலிருந்து போகும். வாங்க வருகிறவர்களின் புத்தியை எடை போட அதைவிட நல்ல இடம் கிடையாது.

அவர்களில் விவரமாகப் பேசுகிறவர்கள் மீன், இறால் வியாபாரிகள் மட்டும்தான். குளிர் அறை கட்ட வருவார்கள். எவ்வளவு கனம், இரண்டு பலகை சேருமிடத்தை எதைக்கொண்டு அடைப்பது, ஈரம் உறிஞ்சுமா என்று வக்கீல் மாதிரிக் குறுக்குக் கேள்வி கேட்பார்கள். அதே ஆளிடம், உங்கள் வீட்டுக் கூரைக்கும் கொஞ்சம் போடுங்களேன் என்றால் சிரிப்பு வந்துவிடும். வீட்டில் என்ன இறாலா வைத்திருக்கிறேன் என்று ஒருவர் என்னையே கேட்டார். வீட்டுக்காரர்கள் அதற்கும் மேலே. வாசலுக்குப் பளிங்கு போடுவார்கள், கேட்டுக்குத் தங்கப் பெயின்ட் அடிப்பார்கள். கூரைக்குள் வைக்கும் பலகை என்றதும் அதை யார் பார்க்கப் போகிறார்கள் என்பார்கள். கண்ணில் படாத பொருளுக்குச் செலவு செய்ய நம் ஆட்களுக்குக் கை வராது.

என் அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த வருஷம் அவளுக்குத் தொடர்ந்து இரவு ஷிப்ட். காலையில் வீடு வந்து, குளித்து, மதியத்துக்குச் சமைத்து மூடி வைத்துவிட்டு மாடிக்குத் தூங்கப் போவாள். வரிசை வீடு, படுக்கையறைகள் எல்லாம் மேலே. ஓட்டுக்கும் அறைக்கும் நடுவில் ஒரு மெல்லிய சீலிங் தட்டி, அவ்வளவுதான். பத்து மணி தாண்டினால் அறை காய ஆரம்பிக்கும். மதியத்தில் சீலிங்கைத் தொட்டால் அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்தான். காற்றாடி அந்தச் சூட்டையே வாரி அவள் மேல் கொட்டும். நனைத்த துண்டை நெஞ்சில் போட்டுக்கொண்டு படுப்பாள், துண்டு காய்ந்ததும் எழுந்துகொள்வாள். தூக்கம் அதோடு சரி.

ஒரு நாள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே என்னிடம் மட்டும் சொன்னாள். முதல் நாள் இரவு, ஒரு நோயாளிக்குப் போட வேண்டிய ஊசியை இன்னொரு கட்டிலுக்குக் கொண்டுபோய்விட்டாளாம். நடந்தபடியே தூங்கியிருக்கிறாள். அந்த அம்மாள் கையை நீட்டியபோது கையிலிருந்த வளையலைப் பார்த்துத்தான், இது வேறு ஆள் என்று விழித்துக்கொண்டிருக்கிறாள். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. ஆனால் அதற்கப்புறம் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அவள் முகத்தில் ஒரு பயம் இருந்தது. தூக்கம் கிடைக்காவிட்டால் அவள் கையால் யாராவது சாகலாம். 

ஏர்கோன் போடலாமா என்று அக்கா அத்தானிடம் கேட்டாள். அத்தான் ஓர் அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா. வீட்டிலும் அதே பதவிதான். கரண்ட் பில் எகிறும் என்று மறுத்துவிட்டார். அந்த ஒரு விஷயத்தில், தெரியாமலேயே, சரியாகச் சொன்னார். அந்தக் கூரையின் கீழே ஏர்கோன் வைப்பது ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிப்பது. முதலில் கூரையை அடைக்க வேண்டும், எங்கள் கம்பெனியில் பலகை இருக்கிறது என்று நான் சொன்னேன். எனக்குச் சலுகை விலை உண்டு என்றதும் அத்தானுக்குக் காது நன்றாகக் கேட்டது.

மூன்று துண்டுகள் சாம்பிள் கொண்டுவந்தேன். ஒன்று, டிவி பெட்டிக்குள் வருமே, அந்த வெள்ளை நுரை. இன்னொன்று நீலம், கொஞ்சம் அழுத்தமானது. மூன்றாவது மஞ்சள் நுரை, மேலே பளபளவென்று வெள்ளித்தாள் ஒட்டியது. அத்தான் தன் பள்ளித் தோழரை வரவழைத்தார். அவர் பிரிக்பீல்ட்ஸில் காண்டிராக்டர். கழுத்துச் சங்கிலி சட்டைக்கு வெளியே கிடக்கும். வேலை முடித்து அவர் வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருக்கும். அதற்குள் அக்கா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருப்பாள். இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போவார்கள். மழை பெய்து ஓய்ந்த காற்று ஜன்னல் வழியே வரும். இடுப்பில் கை வைத்துக்கொண்டு அறை நடுவே நிற்பார்கள். அப்படி ஒண்ணும் சூடு தெரியலையே என்பார் காண்டிராக்டர். ஆமாம் என்பார் அத்தான். பகல் இரண்டு மணிக்கு அந்த அறையில் கால் வைத்த மனிதர் அந்த வீட்டில் அக்கா ஒருத்திதான். அவளைக் கேட்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

பிறகு கீழே வந்து பலகை பார்ப்பார்கள். நகத்தால் கீறினார்கள், முகர்ந்தார்கள், மேசையில் தட்டிச் சத்தம் கேட்டார்கள். காண்டிராக்டர் நீலத்தின் மேல் ஏறியே நின்றார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட இவ்வளவு அலசியிருக்க மாட்டார்கள். கனம்தான் முக்கியம், நடுவில் இடைவெளி விடக்கூடாது, கூரைக்கு அடியில் போட வேண்டும் என்று நான் சொன்னேன். டைப் அடிக்கிற பெண் சொல்வது யார் காதில் ஏறும்? எது இம்போர்ட்டட் என்று காண்டிராக்டர் கேட்டார். வெள்ளித்தாள் என்றேன். முடிந்தது விவகாரம்.

தீபாவளிக்கு முன் ஒரு சாயங்காலம் வேலை விட்டு வந்தபோது ஹாலில் ஏணி நின்றது. வெள்ளித்தாள் பலகைகளை ஹாலின் மேற்புறக் கான்கிரீட்டில் ஒட்டி, அதற்குக் கீழே பூவேலை செய்த பிளாஸ்டர் சீலிங் கட்டிக்கொண்டிருந்தார்கள். மூலையில் ஒரு பலகையை மட்டும் மூடாமல், வருகிறவர்களுக்கு வெள்ளித்தாள் தெரியும்படி விட்டிருந்தார்கள். கான்கிரீட்டுக்கு மேலே அக்காவின் படுக்கையறைத் தரை. ஹாலுக்கு மேலே வெயிலும் இல்லை, ஓடும் இல்லை. குடையைப் பிரித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்த கதை.

அத்தான், இது மாடிக்கு வாங்கினதாச்சே என்றேன்.

"மேல யார் பாக்கப் போறாங்க? தீபாவளி ஓபன் ஹவுஸ் விருந்துக்கு என் பெரிய ஆபீசர் வர்றார்லா," என்றார். "அவ அங்க தூங்கத்தானே போறா. தூங்குறவளுக்கு சீலிங் எதுக்கு?"

மறுநாள் காலை அக்கா வந்து அண்ணாந்து பார்த்தாள். குளியலறையில் துண்டை நனைத்துக்கொண்டு மாடியேறினாள். அத்தான் மேல் வந்த கோபத்தைவிட அவள் மேல்தான் அன்று எனக்குக் கோபம் வந்தது.

தீபாவளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை விருந்து. சனி இரவு அக்காவுக்கு ஷிப்ட். காலையில் வந்தவள் தூங்காமல் வடை சுட்டாள், எனக்குக் கேசரி கிளறக் கை கொடுத்தாள், எல்லாவற்றையும் மேசையில் அடுக்கிவிட்டுச் சேலை மாற்ற மேலே போனாள். போன வேகத்தில் தலையணையோடு இறங்கி வந்தாள். ஹாலில் புது சீலிங்குக்கு நேர் கீழே இருந்த நீள சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அத்தான் பல்லைக் கடித்தார். எழுப்பச் சொல்லி எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் முறுக்குத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்ததையே திரும்பத் துடைத்தேன்.

பெரிய ஆபீசர் மனைவியோடு வந்தார். மலாய்க்காரர்கள், நல்ல மனிதர்கள். சோபாவில் படுத்திருந்தவளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அத்தானோ தாழ்த்தவில்லை. வெள்ளித்தாளைக் கைகாட்டி, இம்போர்ட்டட், இனி ஏர்கோனே தேவையில்லை என்று விளக்கினார். சாப்பாடு ஆனதும் அந்த அம்மாள் தொழுகைக்கு நேரமாயிற்று, ஓர் அறை கிடைக்குமா என்று கேட்டார். சாமி படம் இல்லாத அறை அக்காவுடையதுதான். கை கால் கழுவத் தண்ணீர் காட்டி, நானே மேலே அழைத்துப் போய், சுத்தமான விரிப்பைப் போட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

கீழே இறங்கி வந்தபோது அந்த அம்மாளின் முகம் சிவந்திருந்தது. முக்காட்டின் ஓரத்தால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு சூட்டில் அந்த அறையில் யார் படுக்கிறார்கள் என்று மலாயில் கேட்டார். குறை சொல்லும் தொனி இல்லை, நிஜமான கவலை. பகலில் அங்கே யாரும் இல்லை, சும்மா சாமான் வைக்கிற அறை என்றார் அத்தான். கூசாமல் சொன்னார்.

சோபாவில் அசைவு இல்லை. திரும்பக்கூட இல்லை. அக்காவின் குரல் மட்டும் வந்தது.

"சாயா தீடோர் சானா, புவான்."

நான்தான் அங்கே தூங்குகிறேன், அம்மா. அவ்வளவுதான் சொன்னாள். அந்த அம்மாள் அக்காவையும், அண்ணாந்து சீலிங்கையும், கடைசியில் அத்தானையும் பார்த்தார். ஆபீசர் தன் காப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். விடைபெறும்போது அத்தானின் தோளில் கை வைத்து, மேலேயும் கொஞ்சம் போடுங்கள் என்று மெல்லச் சொன்னார். அவர்கள் கார் கிளம்பியபோது அக்கா நிஜமாகவே தூங்கிப்போயிருந்தாள்.

அந்த மாதமே கூரைக்குள் பலகை ஏறியது. மனைவி கேட்டதற்காக இல்லை. அடுத்த தீபாவளிக்கும் அந்த அம்மாள் வருவார், தொழ மேலே போவார் என்பதற்காக. ஊசி மாறிப்போக இருந்ததைக்கூட நான் அத்தானிடம் சொல்லிப் பார்த்தேன். அதற்கு அசையாத மனுஷன் இதற்கு அசைந்தார். இம்முறை காண்டிராக்டரை அழைக்க வெட்கமாக இருந்ததோ என்னவோ, என்னையே தேர்ந்தெடுக்கச் சொன்னார். யாரும் கண்டுகொள்ளாத அந்த வெள்ளைப் பலகையைத்தான் எடுத்தேன், நெருப்புப் பட்டால் தானே அணையும் வகை. கனம் மட்டும் இறால்காரர்கள் வாங்குகிற கனம். ஓட்டுக்கு அடியில், சீலிங் தட்டியின் மேல், இடைவெளி இல்லாமல் பரப்பி ஒட்டு நாடா போடச் சொல்லி நின்று பார்த்தேன். செத்த மீனுக்குக் கிடைத்த யோகம் ஒருவழியாக என் அக்காவுக்கும் கிடைத்தது.

ஒரு நாள் காய்ச்சல் என்று லீவு போட்டு வீட்டில் இருந்தேன். சாயங்காலம் ஆகியும் அக்கா இறங்கவில்லை. பதறிப்போய் மேலே போய்ப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருக்க, போர்வையைக் கழுத்து வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினாள். அந்த அறையில், பகலில், போர்வை. கதவருகே நின்று அழுதுவிட்டு இறங்கினேன்.

அத்தான் சும்மா இருப்பாரா? வீட்டிலேயே குளுமையான இடம் அதுதான் என்பதை அவரும் கண்டுபிடித்தார். நண்பர்களிடம், கூரைக்குப் போட்டது என் யோசனைதான் என்று சொல்ல ஆரம்பித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா ஷிப்ட் முடிந்து வந்து, சமையலை முடித்து மேலே போனபோது, அவள் கட்டிலில் குறுக்காகப் படுத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் படிக்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்ததால் எல்லாம் கேட்டது.

"ஹால்ல போய்ப் படுங்க," என்றாள் அக்கா. "உங்களுக்குத்தானே அங்க இம்போர்ட்டட் போட்டிருக்கு."

அவள் குரல் உயரவில்லை. தலையணை முதலில் வெளியே வந்தது, அப்புறம் பேப்பர், அப்புறம் அத்தான். பின்னாலேயே தாழ்ப்பாள் விழுந்தது. அவர் இறங்கி வந்து, பூவேலை சீலிங்குக்குக் கீழே சோபாவில் சாய்ந்து, பேப்பரால் விசிறிக்கொண்டார். நான் சிரிக்கிறேனா என்று ஓரக்கண்ணால் பார்த்தார். நான் மறைக்காமல்தான் சிரித்தேன். மேலே அக்கா சாயங்காலம் வரை தூங்கினாள்.