கர்னல் முதலில் லைனுக்கு வரட்டும்

கோமதியம்மாள் பெர்மனன்ட் ஆனது 1968-இல். ஆகியிருக்க வேண்டியது 1964-இல். நடுவில் போன நாலு வருஷத்துக்கு ஆபீசில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வாய்க்கொழுப்பு என்றார்கள், தலைக்கனம் என்றார்கள், புருஷன் கூட இல்லாத திமிர் என்றுகூட ஒருவன் சொன்னான். அவன் பெயரை எழுதினால் பேரப்பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள், போகட்டும். என் பெயர் செண்பகவல்லி. அன்றைக்கு அவளுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் நான். நடந்ததைச் சொல்ல எனக்குத்தான் பாத்தியதை உண்டு.

திருவனந்தபுரத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு ராணுவ அலுவலகம். அதன் டெலிபோன் போர்டில் நாங்கள் இரண்டு பேர். எந்த லைனில் அழைப்பு வந்தாலும் அந்த லைனுக்கான சின்னத் தகடு 'டக்'கென்று விழும். பிளக்கைச் செருகி, யார் வேண்டும் என்று கேட்டு, இன்னொரு பிளக்கால் அவர்களோடு இணைத்துவிட வேண்டும். நான் பெர்மனன்ட். அப்பா பட்டாளத்தில் இருந்து செத்தவர் என்பதால் எனக்குச் சீக்கிரம் கிடைத்தது. கோமதியக்கா என்னைவிட மூத்தவள், வேலை தெரிந்தவள், எனக்கு வேலை சொல்லித் தந்தவளும் அவள்தான். ஏழு வருஷமாக டெம்பரரி. ஒரு நாள் நோட்டீசில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். புருஷன் பம்பாய்க்குப் போனான், ஆறு மாசம் கடிதம் வந்தது, பிறகு நின்றுபோனது. கரமனையில் வாடகை வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகளோடு அவள் அந்த டெம்பரரி வேலையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். 1964 டிசம்பரில்தான் அவளுடைய ஃபைல் ஒருவழியாக நகர்ந்து சூப்பிரண்டு நாகேஸ்வரன் மேஜைக்கு வந்திருந்தது. அவர் சிபாரிசு செய்து ஒரு கையெழுத்துப் போட்டால் அவள் பெர்மனன்ட்.

போர்டு வேலையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. இரண்டு அதிகாரிகள் பேசவேண்டும் என்றால், பதவியில் சின்னவர் முதலில் லைனுக்கு வந்து காத்திருக்க வேண்டும். பெரியவரைக் கடைசியில்தான் கொடுக்க வேண்டும். ரிசீவரைக் காதில் வைத்ததும் பெரியவருக்கு எதிரே ஆள் இருக்க வேண்டும். வெறும் காற்றைக் கேட்டுக்கொண்டு அவர் நிற்கக் கூடாது. அற்ப விஷயம் என்று நினைக்காதீர்கள். இதை மாற்றிச் செய்து சஸ்பெண்ட் ஆன ஆப்பரேட்டர்களை எனக்குத் தெரியும். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் யாரை உட்கார வைக்கிறோம் என்பது மாதிரிதான் இதுவும்.

சீனச் சண்டை முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்தச் சண்டையின்போது அமெரிக்கா நமக்கு வயர்லெஸ் பெட்டிகளும் பனிக்கோட்டுகளும் கொடுத்தது. கொடுத்தவன் சும்மா இருப்பானா? கொடுத்த சாமான் பத்திரமாக இருக்கிறதா, சொன்ன காரியத்துக்குத்தான் பயன்படுகிறதா என்று ஊர் ஊராகப் போய்ப் பார்க்க ஒரு குழுவை அனுப்பினான். இன்னும் என்ன வேண்டும் என்று எழுதிக்கொண்டு போகப்போவதும் அதே குழுதான். அதனால் டெல்லியிலிருந்து எங்கள் வாசல் காவல்காரன் வரை எல்லோருக்கும் ஒரே உத்தரவு, அவர்கள் மனம் கோணக் கூடாது. குழுவுக்குத் தலைவர் ஒரு கர்னல். கோவளத்துக் கடற்கரையில் ஒரு விருந்தினர் மாளிகையில் தங்கினார்கள். தினம் காலை ஒன்பது மணிக்கு அங்கிருந்து எங்கள் பிரிகேடியருக்கு போன் வரும், அன்றைக்கு எந்த டிப்போவைப் பார்க்கலாம் என்று பேசிக்கொள்ள.

பிரிகேடியர் பஞ்சாபிக்காரர். அந்தச் சண்டையில் பனி கடித்து இரண்டு கால்விரல்களை இழந்தவர். சத்தம் போட்டுப் பேசிக் கேட்டதில்லை. பிரிகேடியர் என்றால் கர்னலுக்கு ஒரு படி மேலே. இது பட்டாளத்தில் சேர்ந்து ஒரு வாரம் ஆனவனுக்கும் தெரியும், அமெரிக்கப் பட்டாளத்திலும் தெரியும்.

முதல் நாள் போர்டில் நான் இருந்தேன். கர்னலின் சார்ஜன்ட் ஒருவன் பேசினான். பிரிகேடியரை லைனில் கூப்பிடு, அவர் வந்ததும் கர்னல் வருவார் என்றான். நான் கொடுத்துவிட்டேன். சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கொடுத்தேன். வெள்ளைக்காரன் குரலைக் கேட்டதும் கை தானாகப் பிளக்கைச் செருகிவிட்டது. பிரிகேடியர் ஒரு நிமிஷம்போலக் காத்திருந்தார்.

இரண்டாம் நாள் கோமதியக்கா போர்டில் இருந்தாள். சார்ஜன்ட் அதே மாதிரி கேட்டான். அவள் தயங்குவதைப் பார்த்து, பின்னால் நின்ற நாகேஸ்வரன் கொடு கொடு என்று கையை ஆட்டினார். கொடுத்தாள். நாலு நிமிஷம். ஆப்பரேட்டர் ஒட்டுக்கேட்கக் கூடாதுதான், ஆனால் கேட்காத ஆப்பரேட்டர் இந்த உலகத்தில் இல்லை. இந்தப் பக்கம் பிரிகேடியர் மூச்சு விடுவது கேட்டது. அந்தப் பக்கம் கப் சாஸர் சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம். அவர் ஒருதரம் தொண்டையைச் செருமினார். நாலு நிமிஷம் கழித்து வந்த கர்னல் குட்மார்னிங் சொல்லிவிட்டுக் காரியத்தைப் பேச ஆரம்பித்தார்.

மத்தியானம் சாப்பிடும்போது கோமதியக்கா டிபன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். கோதம்பு உப்புமா, கோதுமையைத்தான் அங்கே அப்படிச் சொல்வோம். அந்த வருஷம் கேரளத்தில் அரிசி கிடையாது. சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டிகள் பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தன. ரேஷனில் கோதம்புதான் போட்டார்கள், அதுவும் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. தின்று தின்று எங்கள் எல்லோருக்கும் வயிறு பொருமிப் போயிருந்தது.

"செண்பகம், அவரு மூச்சு விட்டது என் காதுக்குள்ளயே நிக்குது. நாளைக்கு நான் குடுக்க மாட்டேன், கேட்டியா," என்றாள்.

ஃபைல் மேஜையில் இருக்கிறது, இந்த மாசம் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு இரு, பெர்மனன்ட் ஆன பிறகு யாரை வேண்டுமானாலும் எதிர்த்துக்கொள் என்று நான் கெஞ்சினேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் ஒன்பது மணி ஐந்து நிமிஷத்துக்குத் தகடு விழுந்தது. பிரிகேடியரைக் கொடு என்றான் சார்ஜன்ட். கர்னல் லைனில் இருக்கிறாரா என்று அவள் கேட்டாள். பிரிகேடியர் வந்ததும் வருவார் என்றான். கர்னல் வந்ததும் கூப்பிடுங்கள், நன்றி என்று சொல்லிப் பிளக்கை உருவினாள். மறுபடி தகடு விழுந்தது. மறுபடி அதே கேள்வி, அதே பதில், பிளக்கை உருவினாள். நாலாவது தடவை அவன் குரல் மாறியது. அவள் பெயரைக் கேட்டான். எழுத்து எழுத்தாகச் சொன்னாள். ஐந்தாவது தடவை, இரண்டு நாட்டுச் சிநேகத்துக்குக் கேடு பண்ணுகிறாய் என்றான். அதற்கு நடுவில் பிரிகேடியரே உள்லைனில் கேட்டார், எனக்கு ஏதாவது அழைப்பு உண்டா என்று. கர்னல் இன்னும் லைனுக்கு வரவில்லை சார் என்றாள். அது பொய்யில்லை. அவர் ரிசீவரை வைத்தார்.

ஆறாவது தடவைதான் சார்ஜன்ட் அதைச் சொன்னான். உன் ஊரில் இன்றைக்கு அடுப்பு எரிவது யாருடைய கோதுமையால் என்று தெரியுமா என்று கேட்டான். கோமதியக்காவின் காது மடல் சிவந்துபோனது. ஆனால் குரல் ஏறவில்லை. அவள் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"கோதுமை தந்தது உங்கள் நாடு. அதற்கு எங்கள் நாடு நன்றி சொல்லிக்கொள்ளும். கர்னல் ஒரு மணியும் தரவில்லை. அவரை லைனுக்கு வரச்சொல்லுங்கள்."

பிளக்கை உருவினாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

சார்ஜன்ட் அடுத்து எங்கள் போர்டைக் கூப்பிடவில்லை. நாகேஸ்வரன் அறையிலிருந்த நேர் போனைப் பிடித்தான். மனிதர் வேட்டி தடுக்க ஓடிவந்தார். அவரும் தமிழர்தான், கோட்டைக்குள் அக்ரகாரத்தில் வீடு. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், பயந்தவர். டெல்லியில் போய் ஒரு வார்த்தை சொன்னால் முதலில் உருளுவது தன் தலை என்று நினைத்தார். அவளை எழுந்திருக்கச் சொன்னார். அப்போது மணி ஒன்பதரை.

"கோமதியம்மா, தெரியாமப் பண்ணிட்டேன், மன்னிக்கணும்னு ரெண்டே வரி எழுதிக் குடுத்துடுங்கோ. இன்னிக்கே உங்க ஃபைல்ல கையெழுத்துப் போட்டுடறேன். இல்லேன்னா மெமோதான். மெமோ இருந்தா கன்ஃபர்மேஷன் எத்தனை வருஷம் தள்ளிப்போகும்னு எனக்கே தெரியாது. ரெண்டு பொண்ணை வச்சிண்டிருக்கேள், யோசிச்சுக்கோங்கோ."

"தெரிஞ்சுதான் சார் செஞ்சேன். பின்னே எப்படித் தெரியாமன்னு எழுதுகது?" என்றாள் அவள். சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள். முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்ததை நான் பார்த்தேன். பயம் இல்லாதவள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நாகேஸ்வரன் என்னைப் போர்டில் உட்காரச் சொன்னார். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்றார். தகடு விழுந்தது. சார்ஜன்ட்தான். புதுக் குரலைக் கேட்டதும் அவனுக்குச் சந்தோஷம். நீயாவது புத்தியுள்ளவளாக இரு, பிரிகேடியரைக் கொடு என்றான். பிரிகேடியர் லைனுக்கான பிளக் என் கையில் இருந்தது. செருகினால் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. சுவரோரம் நின்றவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் கொடுத்துவிடுவேன் என்றே முடிவு கட்டிவிட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கர்னல் லைனில் இருக்கிறாரா என்று கேட்டேன்.

பின்னாலிருந்து நாகேஸ்வரன் 'ஈசுவரா' என்று முனகினார். அந்தப் பக்கம் சார்ஜன்ட் யாரிடமோ படபடவென்று என்னவோ சொன்னான். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு வேறு ஒரு குரல், கர்னல் பேசுகிறேன், காலை வணக்கம், நான் காத்திருக்கிறேன் என்றது. கோபமே இல்லை. அவருக்கு இந்தக் கூத்து தெரியுமோ தெரியாதோ, அது அவரோடு போகட்டும். நான் பிரிகேடியரைக் கூப்பிட்டு, கர்னல் லைனில் இருக்கிறார் சார் என்றேன். அவர் ரிசீவரை எடுக்க வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டார். நான் எண்ணவில்லை, ஆனால் கர்னல் இரண்டு தரம் ஹலோ சொன்னார். மறுநாள் காலையில் கர்னல் தானாகவே முதலில் வந்தார்.

எனக்கு ஒன்றும் வரவில்லை. அழைப்பு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டதால் என்மேல் குற்றம் எழுத வழியில்லை. வழி வெட்டியவளுக்கு மெமோ, அதில் நடந்தவளுக்குப் பெர்மனன்ட் நாற்காலி. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு உறுத்துகிறது. பிரிகேடியரிடம் போய்ச் சொல்லலாம் என்று நான் அவளை இழுத்தேன். தனக்காக ஆப்பரேட்டர் சண்டை போட்டாள் என்று அவர் காதில் விழுந்தால் அது அவருக்கு இன்னொரு அவமானம், வேண்டாம் என்று தடுத்துவிட்டாள்.

குழு ஊரைவிட்டுப் போன மூன்றாம் நாள் மெமோ வந்தது. கிளார்க் கையில் கொடுத்தனுப்பாமல் நாகேஸ்வரனே கொண்டுவந்தார். மேலே வெள்ளைத்தாள் ஒன்றும் வைத்திருந்தார். இப்போதும் கெட்டுப்போகவில்லை, அந்த இரண்டு வரியை இதில் எழுதிக்கொடுத்தால் மெமோவைத் தானே கிழித்துப்போடுவதாகச் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். கோமதியக்கா வெள்ளைத்தாளை எடுத்து மேஜை ஓரமாக வைத்துவிட்டு, மெமோவை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். மேற்படி ஆப்பரேட்டர் நட்பு நாட்டு ராணுவ அதிகாரி ஒருவரை வேண்டுமென்றே இருபது நிமிஷம் காக்கவைத்தார் என்று அதில் டைப் அடித்திருந்தது. பெற்றுக்கொண்டதற்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் பெர்மனன்ட் அன்றோடு போச்சு.

நாகேஸ்வரன் பேனாவைத் திறந்து நீட்டினார். அவள் வாங்கவில்லை. மனம் மாறிவிட்டாள் என்று நினைத்து நானே ஒரு நொடி சந்தோஷப்பட்டேன், என்ன ஜென்மமோ நான்.

அவள் காகிதத்தை அவர் பக்கம் திருப்பி, 'இருபது' என்று இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"ஒம்பது அஞ்சுல இருந்து ஒம்பதரை வரைக்கும், இருபத்தஞ்சு நிமிஷமாக்கும் சார். திருத்திக் கொண்டாங்க, ஒப்பு போட்டுத் தாரேன்."