தில்லையம்பலம் மாஸ்டர் கீறிய வடமாகாணம்

தில்லையம்பலம் மாஸ்டர் முப்பத்தொரு வருடம் புவியியல் படிப்பித்தவர். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் பழக்கம் அவரிடம் ஒருநாளும் இருந்ததில்லை. 1988 தை மாதம், அகதி விசாரணைக்காகக் குரோய்டனுக்குப் புறப்பட்ட காலையில், லண்டன் ஸ்ட்ரெதம் வீட்டு வாசலில் மனைவி கனகாம்பிகை வழி மறித்தார்.

"இஞ்சருங்கோ, வீடு போன கதையைச் சொல்லுங்கோ. ஒல்லாந்தர் கப்பலிலை வந்த கதையை விடுங்கோ."

"கேட்டால் சொல்லுவன்."

"கேக்காட்டியும் சொல்லுங்கோ. இல்லாட்டித் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

மகள் சிவமலர் கூடப் போனாள். சிவில் இன்ஜினியரிங் கடைசி வருடம். அவளுக்கு ஒரே வேலைதான்: அப்பா கதையை நீட்டினால் மேசைக்கடியில் காலை மிதிக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் வேண்டாமென்று மாஸ்டர் மறுத்துவிட்டார்.

"எங்கே பிறந்தீர்கள்?" என்றார் அதிகாரி.

"வடமாகாணம். 1833இல் உங்கள் ஆட்கள் வகுத்தது. அப்போது அனுராதபுரமும் அதற்குள். 1873இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். அதுவும் உங்கள் ஆட்கள்தான்."

சிவமலர் மிதித்தாள். மாஸ்டர் காலை இழுத்துக்கொண்டு மன்னார் முத்துக்குளிப்புக்குப் போனார். அரை மணியாகியும் அதிகாரியின் பேனை மூடியபடியே கிடந்தது. கடைசியில் அவர் ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளினார்.

"ஊர் எங்கே என்று சும்மா கீறிக் காட்டுங்கள்."

சும்மா கீறுவதா? மாஸ்டர் அடிமட்டம் கேட்டார். வந்தது. அழிறப்பர் கேட்டார். அதுவும் வந்தது. ஓர் அங்குலத்துக்கு எட்டு மைல். ஆனையிறவில் நிலம் ஒடுங்கும் இடத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு கீறினார். வடக்குக்கு அம்புக்குறியும் போட்டார்.

"இதில் உங்கள் வீடு?"

பருத்தித்துறைக்குத் தெற்கே ஒரு புள்ளி வைத்தார். "இந்தப் புள்ளியே கால் மைல் வரும். இதற்குள் வண்டி போகிற நாலு ஒழுங்கை, ஒரு பள்ளிக்கூடம். வீட்டைக் காட்ட வேறு அளவில் இன்னொரு தாள் வேண்டும்."

சிவமலர் இரண்டு காலாலும் மிதித்தாள்.

அதிகாரி பெருமூச்சோடு தாள் கொடுத்தார். ஒழுங்கை, கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் முழுக்கோட்டில் வந்தன. ஒரு சதுரம் மட்டும் புள்ளிக்கோட்டில்.

"இது ஏன் இப்படி?"

"அது விதி. இருக்கிற கட்டடத்துக்கு முழுக்கோடு. இல்லாததுக்குப் புள்ளிக்கோடு."

"இல்லாதது என்றால்?"

"போன வைகாசியில் குண்டு விழுந்தது. அதுதான் என் வீடு."

சிவமலர் காலை எடுத்தாள். அதிகாரி பேனையைத் திறந்தார்.

பின்னேரம் கனகாம்பிகை வாசலிலேயே நின்றார். "சொன்னீங்களே?"

"கேட்டார். சொன்னன்."

ஆவணியில் கடிதம் வந்தது. இங்கேயே இருக்கலாம் என்று எழுதியிருந்தது.

எட்டு வருடம் இருந்தார். 1996இல் அவர் கண்மூடிய பிறகு, அடுப்பை மாற்றிக் குசினியைத் திருத்துவதற்காகச் சிவமலர் வீட்டின் படத்தை அளவோடு கீறினாள். ஜன்னலோரம் அப்பாவின் கதிரை. அதைப் புள்ளிக்கோட்டில் போட்டாள்.

கனகாம்பிகை தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அந்தப் புள்ளிக்கோட்டு விதி அவருக்கும் பாடம்.

"கதிரை அங்கைதானே கிடக்கு? அழிச்சுப்போட்டு முழுக்கோடு போடு."