மடியில் கிடைத்த மூன்று மணி நேரம்

என் மகன் ஐந்து வயதுவரை ஒருமுறைகூடத் தானாக வந்து என் மடியில் உட்கார்ந்ததில்லை. தூக்கினால் உடம்பை வில்லாக வளைப்பான். தலை வாரினால் அலறுவான். கைக்குழந்தையாக இருந்தபோதே என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் பால் குடித்தான். இப்போது அதற்கு ஆட்டிசம் என்று ஒரு பெயர் இருக்கிறது. அறுபதுகளின் கடைசியில், தாம்பரத்தில், அந்தப் பெயர் எங்களிடம் வந்து சேரவில்லை. காது டாக்டர், காது நன்றாகக் கேட்கிறது என்று அனுப்பிவிட்டார். தெருவில் பிடிவாதம் என்றார்கள். நான் பள்ளிக்கூட வேலைக்குப் போவதுதான் காரணம் என்று என் மாமியார் சொன்னார். நானும் வாயை மூடிக்கொண்டு போகிற ரகம் இல்லை. பதிலுக்குப் பதில் கொடுத்துவிட்டு, குளியலறையில் போய் அழுவேன்.

எங்கள் வீடு ரயில் பாதையை ஒட்டி இருந்தது. எலக்ட்ரிக் டிரெயின் வருவது எங்களுக்குத் தெரியும் முன்பே அவனுக்குத் தெரிந்துவிடும். ஜன்னலுக்கு ஓடிப்போய், தன்னுடைய எவர்சில்வர் டம்ளரால் கம்பியில் மூன்று தட்டு தட்டுவான். கடைசிப் பெட்டி போனதும் மறுபடி மூன்று. விழித்திருக்கும் நேரத்தில் ஒரு வண்டியையும் விட்டதில்லை. பேச்சு ஒரு சொல்கூடக் கிடையாது. வலியைக்கூட அவன் சொல்ல மாட்டான். ஒருமுறை கொதிக்கிற கஞ்சி முழங்காலில் கொட்டிவிட்டது. அழவில்லை. இரண்டு கால் கட்டைவிரல்களையும் உள்ளே மடக்கிக்கொண்டு அப்படியே நின்றான். கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கே விஷயம் தெரிந்தது.

பக்கத்து வீட்டில் ரயில்வே கேட்மேனின் மனைவி இருந்தாள். நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமெல்லாம் அவனைப் பார்த்துக்கொண்டது அவள்தான். பெற்றவளைவிடப் பொறுமைசாலி. அவள் சொல்லித்தான் திருநீர்மலைக்கு வேண்டிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு மொட்டை போட்டோம். மூன்று பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. என் கணவரின் கையில் பல் பதியக் கடித்துவிட்டான். படியேறி முடிக்கும்போது எங்கள் இருவருக்கும் ஒருவரோடொருவர் பேசக்கூடத் தெம்பில்லை. "பையன் உன் மடியில ஒரு நாள் வந்து உட்கார்ந்தா சர்க்கரைப் பொங்கல் செய்யறேன்னு வேண்டிக்கிட்டேன்" என்று பஸ்ஸில் அவர் சொன்னார். அதிகமாகப் பேசாத மனிதர். இதைக் கேட்டு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

புதன்கிழமை காலை ஏழு மணி இருக்கும். நான் தரையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவன் மெதுவாக நடந்து வந்தான். அரிவாள்மணையை அவசரமாகத் தள்ளி வைத்தேன். என் மடியில் ஏறிப் படுத்து, வலது முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டான். மொட்டைத் தலை என் கையில் வெதுவெதுப்பாக இருந்தது. நான் மூச்சுவிடக்கூடப் பயந்தேன்.

கணவர் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "லீவு போட்டுடு. அவன் எவ்வளவு நேரம் இருக்கானோ இருக்கட்டும், நகராதே" என்றார். விடியற்காலையில் அவன் ஒருதரம் வாந்தி எடுத்திருந்தான். இட்லியையும் தொடவில்லை. இரண்டும் எங்கள் இருவருக்கும் தெரியும். மலைக்குப் போய்வந்த அலைச்சல் என்று அவர் சொன்னார், நான் ஆமாம் என்றேன். அவர் தெருமுனைவரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாத்தியா டீச்சரம்மா, மூணே நாளு. பெருமாளு கண்ணத் தொறந்துட்டாரு." பிறகு நான் வாந்தியைப் பற்றிச் சொன்னதும், "குடலு ஏறிகீது. வெளக்கெண்ணெ தடவி கொஞ்சம் வழிச்சு வுட்டா சரியாப் பூடும். குடு இப்பிடி" என்று கை நீட்டினாள். எங்கள் பக்கத்தில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் அவள்தான் குடல் தட்டுவாள். கைராசிக்காரி என்று பெயர்.

நான் கொடுக்கவில்லை. அறிவால் அல்ல, பேராசையால். இறக்கிவிட்டால் மறுபடி ஏறுவானோ மாட்டானோ என்ற பயம். "அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லி இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டேன். ஐந்து வருஷத்துக்கும் சேர்த்து வாங்கிக்கொள்கிறவள் மாதிரி அவன் காதை, கழுத்தை, விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினேன். எதற்கும் அவன் மறுக்கவில்லை. என் வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமாக நான் இருந்ததில்லை. இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

டிரெயின்கள் போயின. நான் எண்ணவில்லை. பத்து மணி வாக்கில் ஒரு வண்டி வழக்கத்தைவிட நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கேட்டில் மாடு ஏதாவது நின்றிருக்கும். வீடே அதிர்ந்தது. அவன் தலையைத் திருப்பவில்லை. டம்ளர் ஜன்னல் திட்டில் கவிழ்ந்து கிடந்தது. காலையிலிருந்து கம்பியில் ஒரு தட்டுகூட விழவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வயிற்றில் கை வைத்தேன். பலகை மாதிரி இருந்தது. மடக்கிய காலை நீட்டிப் பார்த்தேன். அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. கட்டைவிரல்கள் இரண்டும் உள்ளே மடங்கின.

மூன்று மணி நேரமாக அவன் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மடியில் வந்து விழுந்திருக்கிறான். அதை நான் வரம் என்று எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவனைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போக எழுந்தேன்.

"இன்னா டீச்சரம்மா, அதுவே இப்பத்தான் மடிக்கு வந்து குந்திகினு கீது. இத்தப் போயி ஊசி போட இட்டுகினு போறியே. பயந்துகினு மறுபடி வராமப் பூட்டா?" என்று பக்கத்து வீட்டுக்காரி வாசலில் மறித்தாள். அவள் கேட்டது நியாயம்தான். அதே கேள்வி எனக்குள்ளும் இருந்தது. "வராட்டிப் போறான், வழிய விடு" என்று கத்தினேன். ஐந்து வருஷத்தில் அவளிடம் நான் குரல் உயர்த்தியது அந்த ஒருமுறைதான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஓடிப்போய் ரிக்‌ஷாவைக் கூட்டி வந்து, தானும் ஏறிக்கொண்டாள்.

கடைத்தெரு டாக்டர் நல்லவர், ஆனால் கூட்டம். வயிற்றை ஒருதரம் அமுக்கினார். "நூறு டிகிரிதான் இருக்கு. வலி இருந்தா அழுவானே. மிக்ஸ்சர் தரேன், நாளைக்குக் காட்டுங்க" என்றார். கம்பவுண்டர் பாட்டிலை எடுத்துவிட்டார்.

"இவன் அழ மாட்டான் சார்" என்றேன். "பேசவும் மாட்டான். யாரையும் தொட விடமாட்டான். பெத்த என்னைக்கூடத் தொட விட்டதில்ல. இன்னிக்குக் காலையிலேர்ந்து என் மடியில இருக்கான் சார். அதனாலதான் பயமா இருக்கு."

அவர் எழுதுவதை நிறுத்தினார். வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். "வயித்த அமுக்கும்போது முகத்தைப் பார்க்காதீங்க, கால் கட்டைவிரலப் பாருங்க" என்று நான் மேலே சொன்னேன். ஒரு டாக்டருக்குப் பாடம் எடுக்கிறோமே என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. அவர் எழுந்து வந்து வலது பக்க அடிவயிற்றில் மெல்ல அமுக்கினார். விரல்கள் மடங்கின. சட்டென்று கையை எடுத்தார். இன்னும் இறுக்கமாக மடங்கின. இன்னொருமுறை பார்த்துவிட்டு, மிக்ஸ்சர் சீட்டைக் கிழித்துப்போட்டு, எழும்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதினார். "டாக்ஸிக்காக நிக்காதீங்க. அடுத்த டிரெயினைப் பிடிங்க. தண்ணிகூடக் கொடுக்கக் கூடாது" என்றார்.

டிரெயினில் ஜன்னலோரம் இடம் கொடுத்தார்கள். குரோம்பேட்டை, பல்லாவரம், மீனம்பாக்கம் எல்லாம் போயின. எந்த வண்டிக்காக நாள் முழுக்க ஓடி ஓடி நிற்பானோ அந்த வண்டிக்குள்ளேயே இருந்தான், கண்ணைத் திறக்கவில்லை. நான் மீனம்பாக்கம் தாண்டியதும் உடைந்து அழுதேன். பக்கத்து வீட்டுக்காரி என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள்.

அப்பெண்டிக்ஸ். அன்று பிற்பகலே ஆபரேஷன் செய்தார்கள். உடையும் நிலையில் இருந்ததாம். வீட்டில் எண்ணெய் போட்டு வயிற்றைத் தடவினீர்களா என்றுதான் சர்ஜன் முதலில் கேட்டார். இல்லை என்றேன். "நல்லவேளை, தடவியிருந்தா அங்கேயே உடைஞ்சிருக்கும்" என்றார். கைராசிக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் எந்தப் பிள்ளைக்கும் குடல் தட்டவில்லை. அன்று அவனை அவள் கையில் கொடுக்காததுதான் என் பேராசை செய்த ஒரே நல்ல காரியம்.

அடுத்த நாட்களில் அவன் யார் தொட்டாலும் பேசாமல் கிடந்தான். நர்சுகள் சமத்துப் பிள்ளை என்று கொஞ்சினார்கள். ஒவ்வொரு முறை அவர்கள் அப்படிச் சொன்னபோதும் நான் போர்வையை விலக்கி அவன் கால் கட்டைவிரல்களைப் பார்த்தேன்.

தையல் பிரித்த மறுநாள் காலை. தூரத்தில் எழும்பூருக்குள் ஒரு வண்டி நுழையும் சத்தம் கேட்டது. அவன் தலை திரும்பியது. பக்கத்து வீட்டுக்காரி தன் பையிலிருந்து அந்த டம்ளரை எடுத்து நீட்டினாள். புறப்பட்ட அவசரத்திலும் அதைக் கொண்டுவந்திருக்கிறாள், எனக்குத் தோன்றவே இல்லை. இரும்புக் கட்டிலில் மூன்று தட்டு. வார்டே திரும்பிப் பார்த்தது. நான் குனிந்து அவன் தலையைத் தொட்டேன். என் கையைத் தள்ளினான். மறுபடி தொட்டேன். அலறிக்கொண்டு ஒரு உதை விட்டான்.

"பெத்த தாயையே உதைக்கிறானே" என்றாள் அடுத்த கட்டில் அம்மாள்.

"உதைக்கட்டும்மா" என்றேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எது எதற்கு என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்த வாரம் என் கணவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அந்தச் சர்க்கரைப் பொங்கல்... செய்யணுமா? என்னன்னு சொல்லிச் செய்யறது?"

உள்ளே ஜன்னல் கம்பியில் டம்ளர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"செஞ்சுடலாம்" என்றேன். "என் மடிய விட்டு இறங்கினான்ல, அதுக்குன்னு சொல்லுங்க."