மல்லி வாசம் அடிக்கிற பீர்

பெங்களூரில் மருமகன் ஊற்றிக் கொடுத்த பீரைப் பார்த்ததும் கெட்டுப்போனது என்றுதான் நினைத்தேன். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கலங்கல். "பெல்ஜியம் ஸ்டைல் மாமா. கோதுமைல செய்றது, அப்படித்தான் இருக்கும்" என்றார். லேசான புளிப்பு, நுரை நாக்கில் மெத்தென்று நின்றது. நன்றாகவே இருந்தது, மறைப்பானேன். பிறகுதான் அந்த வாசம் மூக்கில் ஏறியது. எதையும் எண்ணிப் பார்க்காவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. பாட்டிலை வாங்கி என்னென்ன போட்டிருக்கிறார்கள் என்று எண்ணினேன். கடைசி இரண்டும் கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல். கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

எண்பதுகளில் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் கிளார்க்காக இருந்தேன். ஷிஃப்டுக்கு உள்ளே போகிறவர்களை கேட்டில் நின்று எண்ணுவது என் வேலை. குடித்துவிட்டு வருகிறவர்கள் சாராய வாடையை மறைக்க மல்லியும் காய்ந்த ஆரஞ்சுத் தோலும் மென்றுகொண்டு வருவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடையில் தோல் சும்மாவே கிடைக்கும். சங்கதி சூப்பர்வைசருக்குத் தெரிந்துபோனது. அதன்பின் அந்த மகானுபாவர் சாராயத்தை விட்டுவிட்டு மல்லியை மோப்பம் பிடித்தார்.

மம்சாபுரத்திலிருந்து சைக்கிளில் வரும் சவரிமுத்து, வேலை நிரந்தரமாவதற்குக் காத்திருந்தவன். ஈஸ்டரோடு குடியை விட்டிருந்தான், மல்லியை விடவில்லை. ஒருநாள் சூப்பர்வைசர் அவனை வாயை ஊதச் சொன்னார்.

"குடிச்சு மாசக்கணக்காச்சு சார். வாய் சும்மா இருந்தா காலு தானா கடைக்குப் போவுது. அதான் மெல்லுதேன்."

"குடிக்காதவனுக்கு எதுக்குலே மல்லி?"

வரிசையே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப்பேர் குடித்திருந்தார்கள். அன்றைக்கு எதையும் மெல்லாததால் உள்ளே போய்விட்டார்கள். இவன் குடிக்கவில்லை என்று நான் சொன்னேன். ஆளை எண்ணுகிற வேலையை மட்டும் பார்க்கச் சொன்னார். டெம்பரரிக்கு விசாரணை ஏது? அன்றே வேலை போயிற்று.

அடுத்த வாரம் சோழபுரம் விலக்கு பஸ் ஸ்டாப்பில் சவரிமுத்து நின்றிருந்தான். பக்கத்தில் போக முடியவில்லை, அப்படியொரு சாராய நெடி. மல்லி எங்கேப்பா என்று கேட்டேன்.

"இனிமே எந்தக் கேட்டுக்கு சார் மறைக்கணும்?"

அந்த வாசத்துக்காகத்தான் இந்த பீருக்கு இவ்வளவு விலையாம். மருமகன் பெருமையாகச் சொல்கிறார். மில் இருந்த இடத்தில் இப்போது பிளாட் போட்டுவிட்டார்கள். ஷிஃப்டுக்கு ஊதிய சங்கு இல்லை, கேட் இல்லை, மோந்து பார்த்த மூக்கும் இல்லை. அதற்கெல்லாம் முன்பே குடித்துக் குடித்துச் சவரிமுத்து போய்ச் சேர்ந்தான். குடிக்காத நாளில் அவன் வாயில் அடித்த வாசத்தைத்தான் குடிப்பதற்கென்று என் முன்னால் வைத்திருக்கிறார்கள்.