சாகாத செல்லும் அடப்பங்கொடியும்

புற்றுநோய் செல் வளர்க்கிறதுதான் என் பிழைப்பு. பச்சைக் குழந்தையைக்கூட யாரும் இப்படிப் பார்த்துக்க மாட்டாங்க. ஆய்வுக்கூடத்துல குப்பை கொட்டுறவங்களுக்கு நான் சொல்லணுமா என்ன? பொங்கலன்னிக்கே பஸ் பிடிச்சு செங்கல்பட்டு போய், அதுங்களுக்குத் தீனி மாத்திட்டு வந்தவ நான்.

வளர்ப்பு

எங்க செல் மருந்துக்கு அடங்காத ஜாதி. உள்ளே போற மருந்தை பம்பு வெச்சு இறைக்கிற மாதிரி வெளியே தள்ளிடும். அதை அடக்க வழி தேடணும்னா முதல்ல அது கையில இருக்கணுமே. கடையில வாங்கல, நானே உண்டாக்கினேன். துளித்துளியா மருந்து கொடுத்து, கூட்டிக் கூட்டி, மாசக்கணக்குல பழக்கினேன். கடைசியில எவ்வளவு ஊத்தினாலும் சாகாம நின்னுச்சு. எங்க ஊரு கருங்குழி முழுக்கச் சொல்லிக்கணும்போல இருந்தது. புளி கரைச்சுக்கிட்டிருந்த அம்மாகிட்ட முதல்ல சொன்னேன்.

"ஊரே அத்த சாவடிக்கப் பாக்குது, நீ இன்னாத்துக்குடி சாவாம வளத்துகினு கீற?"

கொடி

அந்தப் பம்பை அடைக்கிற சரக்கு அடப்பங்கொடிப் பிசின்ல இருக்குன்னு படிச்சிருந்தேன். மாமல்லபுரம் பக்கம் மணல்ல படர்ந்து ஊதாப்பூ பூக்குமே, அதேதான். வெயில்ல குந்தி, மண்ணை உதறி, பைபையா கட்டினேன். வலை பிரிச்சுக்கிட்டிருந்த ஒரு அண்ணாத்த ரொம்ப நேரம் பார்த்துட்டு எதுக்குன்னு கேட்டார், ஆபீஸ்ல வளர்க்கிறதுக்குக் கொடுக்கன்னு சொன்னேன்.

"ஆடே மோந்துட்டுப் பூடும் அத்த. உங்க ஆபீஸ்ல இன்னாத்தம்மா வளக்குறீங்க?"

மூட்டை

பிசினைப் பிரிச்செடுத்து, மருந்தோட சேர்த்துக் கொடுத்தேன். எதுக்கும் சாகாத செல் செத்துச்சு. மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்திருக்கவே மனசு வரல, கண்ணுல தண்ணி வேற. நாலு படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல போட்டேன். படாளத்து மாமா, செல் செத்துக் கிடக்கிற கடைசிப் படத்தை மட்டும் பார்த்திருக்கார்.

அவர் சம்சாரம், எங்க அத்தைக்கு மார்புல புற்றுக்கட்டி. முதல் மருந்து கேட்காமப் போய், டாக்டர் வேற மருந்து எழுதியிருந்தார். மறுநாள் அதை ஏத்தப் போகணும். நான் பார்க்கப் போனா, வாசல்ல ஒரு மூட்டை அடப்பங்கொடி, அடுப்புல கஷாயம் கொதிக்குது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலையான்னு மாமாகிட்ட கேட்டேன்.

"அங்க இன்னாத்துக்கு? அதான் நம்ம பொண்ணே கண்டுபுட்ச்சிட்டாளே."

மூணாவது படம்

எனக்கு வந்த கோபத்துல கஷாயத்தைக் கொண்டுபோய் வாசல்ல கொட்டினேன். போனை எடுத்து ஒவ்வொரு படமா காட்டினேன். ஒண்ணுமே கொடுக்காதது உயிரோட இருக்கு. மருந்து மட்டும் கொடுத்ததும் உயிரோட இருக்கு. கொடி மட்டும் கொடுத்தது கொழுகொழுன்னு இருக்கு. ரெண்டும் சேர்த்தாதான் செத்திருக்கு. "அதுவும் ஆய்வுக்கூடத் தட்டுல நடந்தது மாமா. மனுஷங்களுக்குக் கொடுக்க இன்னும் எத்தனையோ வருஷம் ஆவும். இப்ப டாக்டர் மருந்தை விட்டா அத்தை நமக்கு இல்ல"ன்னு முகத்துக்கு நேராவே சொன்னேன். அத்தை போனை வாங்கி மூணாவது படத்தையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. அப்புறம் மாமா பக்கம் திரும்பினாங்க.

"என் மருமவ வளத்த செல்லே இந்தக் கொடிக்குச் சாவல. என் வவுத்துல ஊத்தி இன்னா ஆவப்போவுது? காலைல வண்டிய எடு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

அத்தைக்கு இப்போ புது மருந்து கேக்குது. எங்க துறையில நாலாவது படத்தைத்தான் எல்லாரும் மெச்சுறாங்க, எனக்கென்னமோ ஒண்ணுமே நடக்காத அந்த மூணாவது படத்தை எடுத்த என் கைக்குத்தான் தங்கக் காப்பு போடணும்னு தோணுது.